ஓமந்தூரிலிருந்து கடலுக்கு



ஓமந்தூரைப் பற்றிப் பேசவேண்டுமென்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தேசம் சுதந்திரம் அடைந்த 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகி, 1949 வரையில் அந்த நாற்காலியில் அமர்ந்து, ஆலயப் பிரவேசம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்களைச் செய்துவிட்டு, பதவி நீங்கியபின் வடலூரில் போய் இருந்துவிட்ட ராமசாமி ரெட்டியாரின் ஊர் அது. அவருடைய சரித்திரம் உங்களுக்குத் தெரியும். மணிமண்டபத்துக்கு வழி கேட்டால் எவரும் காட்டுவார்கள். திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றியோ என்னைவிடக் கற்றவர்கள் பேசியாயிற்று. ஆகவே அவற்றையெல்லாம் தாண்டி, நான் சிறுபிள்ளையாக ஓடித் திரிந்த ஒரு தெருவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

சிமெண்டு எங்கள் பக்கம் பரவுவதற்கு முன் கட்டின வீடுகள் சில அந்தத் தெருவில் இன்னும் நிற்கின்றன. சித்திரை மாத நடுப்பகலில் அவற்றின் சுவரில் உள்ளங்கையை வைத்தாலும் குளிர்ச்சி தட்டும். மரக்காணத்துக் கரையிலும் கழுவெளி என்ற நீர்நிலையின் ஓரத்திலும் குவிந்து கிடக்கிற செத்த கிளிஞ்சலைக் கூடையில் வாரி, மாட்டு வண்டியில் ஏற்றிவந்து, ஊர்க்கோடிக் காளவாயில் கரியோடு அடுக்கிச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் விட்டு அரைத்து, கொத்தனார் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துப் பூசின பூச்சு அது. என் பாட்டி வெற்றிலைக்கு அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டாள். மற்றதெல்லாம் நாக்கைப் பொசுக்கிவிடும் என்பது அவளுடைய சித்தாந்தம்.

தெருமுனையில் சந்தை நாளன்று கடற்கரைப் பெண்கள் கருவாட்டுக் கூடைகளோடு உட்காருவார்கள். காசுக்கும் கொடுப்பார்கள், மல்லாட்டைக்கும் கொடுப்பார்கள். (மற்ற ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நிலக்கடலை, வேர்க்கடலை என்பதெல்லாம் எங்களுக்கு மல்லாட்டைதான்.) காலையில் கேழ்வரகுக் கூழ், அதற்குத் தொட்டுக்கொள்ள அனலில் வாட்டின நெத்திலிக் கருவாடு, இதற்கு மேலான ஆகாரத்தை நான் எந்த ஊரிலும் சாப்பிட்டதில்லை. இந்த மீன் உபசாரம் எங்கள் சீமையில் நேற்று ஏற்பட்டதன்று. ஓய்மாநாட்டு அரசன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை என்ற சங்க நூலில் வருகிற கிடங்கில் என்பது திண்டிவனத்தை ஒட்டிய ஊர். அதில் வருகிற எயிற்பட்டினம் என்பது மரக்காணத்துப் பக்கம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்தப் பட்டினத்தில், பசியோடு வருகிற பாணனுக்கு, நுளைமகள் அரித்த தேறலையும் சுட்ட மீனையும் பரதவர்கள் கொடுத்து உபசரிக்கிறார்கள். எங்கள் சந்தையில் தேறல் ஒன்றுதான் குறைவு.

சுண்ணாம்பில் அல்லவா இருந்தோம்? கடல் தானாக வெளியே ஒதுக்கியதை வாரிச் சுட்ட சுண்ணாம்பு எங்களுடையது. தெற்கே மன்னார் வளைகுடாவிலோ, கடலுக்குள் உயிரோடு இருந்ததைக் கடப்பாரையால் பெயர்த்துக் கரையேற்றிச் சுட்டார்கள். இந்த வித்தியாசத்தை நான் அறிந்தது பாம்பனுக்குப் போனபோதுதான். கொஞ்சம் தெற்கே போய்விட்டு வருவோம். நீங்கள் ஆட்சேபிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், கரைக்கு எதிரே, குருசடை, முசல், மனோலி, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் என்று அழகழகான பெயர்களோடு 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள். மீனவர்கள் பார் என்பார்கள். பாறை என்று சொன்னாலும் அது ஜீவன்களின் வேலை. மிகச் சிறிய பிராணிகள் கோடிக்கணக்கில் கூடி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொண்டே போகின்றன. கிளைவிடும் ஜாதி சற்று வேகமாக வளரும் என்றாலும், உருண்டு திரண்ட ஜாதிகள் வருஷத்துக்கு ஓர் அங்குலம்கூட வளர்வதில்லை. இப்படி நூற்றாண்டுக் கணக்கில் எழும்பியதைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ரசாயனத் தொழிலுக்குமாகப் படகு படகாக வெட்டி எடுத்ததன் பலனாக, அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அலையரிப்பில் தேய்ந்துகொண்டே போக, அதைக் காப்பாற்றச் சர்க்கார் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறது.

1986-இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001-இல் பவளமும் கடலட்டையும் வனஜீவிச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புக்குள் வந்தன, அதாவது புலிக்கு உள்ள காவல் அவற்றுக்கும் கிடைத்தது. கல்லெடுத்தவர்களைப் பற்றி எனக்கு அதிக விசனம் இல்லை. சுனாமிக்குப் பிறகு, தீவுகளும் பார்களும் தங்கள் கரைக்கு எவ்வளவு பெரிய அரண் என்பதை அவர்களே உணர்ந்துவிட்டார்கள். அட்டை குளித்து ஜீவித்தவர்களின் கஷ்டம் பெரிது, அதுவே தனியாக ஓர் உரைக்கு விஷயம். இன்று நான் சொல்ல வந்தது பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி.

ராமேசுவரம் தீவிலும் மண்டபத்துக் கரையிலும் இருக்கிற மீனவக் குடும்பங்களின் பெண்கள், 1960-கள் தொட்டு, பார்களின்மேல் வளரும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை முதலிய பாசிகளை முங்கி எடுத்து விற்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் என்ற பொருள் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டிலிருந்து வரும் கடல்பாசி என்ற இனிப்பைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? ரோஜா நிறத்தில், பால் விட்டு, வாயில் வைத்தால் கரைந்துபோகுமே, அது உறைவது இந்த அகரினால்தான். வைத்தியர்கள் கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டிலும் அதே அகர் இருக்கிறது. ஆனால் அதற்காக இந்தப் பெண்கள் இறங்குவது எப்படி என்று கேட்டால் இனிப்பு தொண்டையில் இறங்காது. ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது. நீந்துவதற்கான உடையும் கிடையாது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, பார் கிழிக்காமலிருக்க விரல்கள் ஒவ்வொன்றிலும் துணிச் சுற்று, இடுப்பில் பாசி போடும் பை. மூச்சை அடக்கி முங்குவதும், பிய்ப்பதும், எழுந்து மூச்சு வாங்குவதும், மறுபடி முங்குவதுமாகப் பொழுது போகிறது.

பூங்காவுக்கு வரைபடத்தில் கோடு போட்டவர்கள் இவர்களைக் கேட்டுப் போடவில்லை. தீவுகளைச் சுற்றிய கடல் தடைசெய்த இடம் ஆயிற்று. காவல் இறுக இறுகப் பாசி மூட்டை பறிமுதலாவதும், படகு பிடிபடுவதும், அபராதம் கட்டுவதும் வழக்கமாயின. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "தம்பி, நாங்க பாரை ஒடைச்சா அடுத்த வருசம் எதுல பாசி மொளைக்கும்? அது எங்களுக்குத் தெரியாதா?" நான் பதில் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை, அடுத்த மூட்டையை உலர்த்தப் போய்விட்டார்.

அவருடைய கேள்விக்குள் இருந்த நியாயத்தை அந்தப் பெண்கள் வாயளவோடு நிறுத்தாமல் காரியத்திலும் காட்டினார்கள் என்பதுதான் இந்தக் கதையின் விசேஷம். சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டும், அமாவாசையை ஒட்டி ஆறும் பௌர்ணமியை ஒட்டி ஆறுமாக, கடலில் இறங்குவது என்றும், பாரைச் சுரண்டுகிற இரும்புக் கருவிகளை விட்டுக் கையால் மட்டுமே பிய்ப்பது என்றும், சித்திரையை ஒட்டி 45 நாள் பாசி பெருகுவதற்காக அறவே போகாமலிருப்பது என்றும் தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டார்கள். இதற்காக வாதாடி நின்ற சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி பரிசு அளிக்கப்பட்டது. கடலையும் தீவுகளையும் காப்பவர்களுக்கு அமெரிக்காவில் உள்ள ஒரு ஸ்தாபனம் தரும் பரிசு அது. விஞ்ஞானம் படித்தவர்கள் குழுப் போட்டு எழுதக்கூடிய ஒரு திட்டத்தைப் பிறைக் கணக்கில் வாழ்கிற பெண்கள் எழுதிவிட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பாரில் கைவைக்காமல் வேறு ஜீவனம் தேடட்டும் என்று கரையோரத்தில் மூங்கில் தெப்பம் கட்டி வெளிநாட்டுப் பாசி ஒன்றை வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கப்பாஃபைகஸ் என்று பெயர். வருமானம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் 2008 வாக்கில் அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு பதிவுசெய்தார்கள். அதே குருசடைக்கு இப்போது பாம்பன் குந்துகாலிலிருந்து உல்லாசப் பிரயாணிகளுக்கு வனத்துறையே படகு விடுகிறது. டிக்கெட் வாங்கினவர் போகலாம், பாசிப்பை கட்டினவர் போகக்கூடாது என்ற ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது.

மூடுவதே தப்பு என்று நான் வாதிப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தக் கடலுக்கு மூடுவது புதிதன்று. முத்துப் பார்களைப் பல வருஷம் கைபடாமல் விட்டுவைத்து, சிப்பி முற்றியதா என்று பரிசோதித்து, முற்றினால் மட்டும் முத்துக்குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல், அதற்குப் பிறகு பார்கள் திறக்கவே இல்லை. வெளிநாடுகளிலும் மூடியிருக்கிறார்கள். கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது 2010-இல் மலேசியாவும் 2011-இல் தாய்லாந்தும், முங்கிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சில பார்களைத் தடுத்தன. ஒரு சினிமாவால் பிரசித்தி பெற்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் குவிந்த தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018-இல் மூடப்பட்டு 2022-இல்தான் திறந்தது, இடையில் சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. அங்கே தடுக்கப்பட்டவர் உல்லாசப் பிரயாணி. அவருக்குப் போக இன்னொரு தீவு உண்டு. சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு இன்னொரு கடல் இல்லை. அன்றியும், எந்தக் காவலரும் தடுக்கமுடியாத வெப்பம் மன்னார் வளைகுடாவிலும் 2010-இலும் 2016-இலும் புகுந்து பவளத்தை வெளுக்கச் செய்தது. அந்த வெப்பத்தை உண்டாக்கியதில் மூச்சடக்கி முங்குகிற பெண்ணின் பங்கு என்ன இருக்கிறது?

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தெருவில் பாதிகூட நடக்கவில்லை, மன்னிக்கவேண்டும். ஒரு செய்தியோடு முடிக்கிறேன். எங்கள் கழுவெளி, வங்கக் கடலின் உப்புநீரும் ஏரிகளின் நன்னீரும் கலக்கிற அந்தப் பரந்த நீர்வெளி, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் 16-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நல்ல காரியம், வெகு நாளைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். அங்கேயும் வலை வீசுகிறவர்கள் உண்டு, நண்டும் இறாலும் கையால் துழாவிப் பிடிக்கிறவர்கள் உண்டு, கரையில் மாடு மேய்க்கிறவர்கள் உண்டு. எந்த மாதம் மூடுவது, எந்த ஓரத்தைத் திறந்துவிடுவது என்பதை முதலில் அவர்களிடம் கேட்டு எழுதுவதே அதிகாரிகளுக்கு உசிதம்.

பறவை பார்க்க வருகிற நேயர்கள் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். திரும்பும்போது மரக்காணத்தில் கருவாடு வாங்குங்கள். கூடைக்காரப் பெண்களிடம் பேரம் பேசவேண்டாம்.