காருக்கும் மூக்கு உண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டர், வக்கீல், பெரிய அதிகாரி. நான் அதே வகுப்புகளில் இயற்பியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் மெக்கானிக் ஆனவன். புதுக்கோட்டையில் ஒர்க்‌ஷாப் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செயலாளர் போன் செய்து, "உனக்குத் தெரிஞ்சதைப் பேசுப்பா, இப்ப எல்லாரும் கார் வச்சிருக்காங்க" என்றார். எனவே காரில் உள்ள ஒரே ஒரு சின்னச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். அது ஏர் ஃபில்டர். அதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பது போகப் போகத் தெரியும்.

நாம் பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம். காற்று இலவசம் என்பதால் அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 15,000 கிலோமீட்டர் ஓடினால் 90 லட்சம் லிட்டர் காற்றை இழுக்கிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 750 லாரி! இவ்வளவும் நம் புத்தகத்தைவிடச் சிறிதாக, மடித்து வைத்த ஒரு காகிதத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது.

அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆலங்குடிப் பக்கம் போனால் செம்மண். நார்த்தாமலைப் பக்கம் போனால் கல்குவாரி, கிரஷர், டிப்பர் லாரி. முன்னால் ஒரு டிப்பர் போனால் கார்க் கண்ணாடியில் வெள்ளையாக மாவு படியும். அந்த மாவில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தன்மைக்கான மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கத்தி இரும்பு சுமார் ஐந்தரை. இன்ஜினுக்குள் இருக்கும் போரும் ரிங்கும் இந்தக் கல்மாவிடம் தோற்றுத்தான் போகும்.

கண்ணுக்குத் தெரியும் மணல் அல்ல நம் எதிரி. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். இன்ஜினை அதிகம் அரிப்பது 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள பொடி. அது ஆயில் படலத்துக்குள் புகுந்து, பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

1912-வாக்கில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டதை நம் ஊரில் பெருமையாகச் சொல்வோம். அந்தக் காலத்து மோட்டார்களில் பலவற்றுக்கு ஏர் ஃபில்டரே கிடையாது. உலகமெல்லாம் ஓடிய ஃபோர்டு மாடல் டி காரிலும் இல்லை. இன்ஜினை அடிக்கடி பிரித்துத் தேய்மானம் பார்ப்பது அன்றைக்குச் சாதாரண வேலை. பிறகு எண்ணெய்த் தொட்டி வைத்த ஃபில்டர் வந்தது. ஜீப்பிலும் டிராக்டரிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின் வந்ததுதான் இன்றைய காகித ஃபில்டர்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1996-ஆம் வருஷம். நம் வகுப்பு நண்பன் ஒருவன் கடன் வாங்கி, பழைய மாருதி வேன் ஒன்றை எடுத்து வாடகைக்கு ஓட்டினான். குவாரி ஆட்களை ஏற்றி இறக்கும் சவாரி. ஏர் ஃபில்டர் மாற்ற என்னிடம் வந்தான். ஒரிஜினல் விலையில் பாதிக்கு, பேர் ஊர் இல்லாத ஒரு ஃபில்டர் என் கடையில் இருந்தது. "மாப்ள, இதுவே போதும், காசை மிச்சம் பண்ணு" என்றேன். வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. ரப்பர் விளிம்பு கொஞ்சம் பெரிது. கத்தியை எடுத்து ஓரத்தைச் சீவி, அமுக்கி மூடிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வந்து, "மாப்ள, இழுவை பிரமாதமா இருக்கு!" என்றான். எனக்கும் பெருமை. அதற்குப் பிறகு சவாரி முடிந்து வரும்போதெல்லாம் ஃபில்டரைக் கழற்றி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் வைத்துக் காற்றடித்துக் கொடுப்பேன். வாரம் ஒரு தடவை. அதை நண்பனுக்குச் செய்யும் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம்கூட ஓடவில்லை. வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. நீலப் புகை, பேக் கம்ப்ரஷன். இன்ஜினைப் பிரித்தபோது கார்புரேட்டர் வாயில் விரலை வைத்தேன். விரலில் மாவு ஒட்டியது. நான்கு பக்கமும் ஃபில்டரைப் பிடிக்க வேண்டிய விளிம்பில், நான் கத்தி வைத்த அந்த ஒரு பக்கம் மட்டும் தூசு கோடு போட்டிருந்தது. போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அதற்கு அவனிடம் பணம் இல்லை. கடன்காரர் காத்திருக்கவில்லை. வேனை வந்த விலைக்கு விற்றுவிட்டு அவன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். போகும்போது, "பழைய வண்டிடா, நீ என்ன பண்ணுவே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தூசுக் கோட்டை நான் அவனிடம் காட்டவில்லை.

அன்றைக்கு நான் கற்றது ஒன்றுதான். அடைத்துப்போன ஃபில்டர் சத்தம் போடும்: இழுவை குறையும், டீசல் வண்டியானால் கரும்புகை தள்ளும். ஒழுகுகிற ஃபில்டர் வாயே திறக்காது. தடை குறைவதால் வண்டி நன்றாக ஓடுவதுபோலத்தான் தெரியும். அழுக்கு ஃபில்டரால் இன்ஜின் போவது அபூர்வம். ஓட்டை ஃபில்டரால் போவதுதான் அதிகம். அந்த ஓட்டையைப் பெரும்பாலும் சுத்தம் செய்கிறேன் என்று நாமேதான் போடுகிறோம்.

"அப்போ கம்பெனி ஃபில்டர்தான் வாங்கணுமா?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. கார்க் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. ஃபில்டர் செய்பவர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதே ஆட்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் வெளிமார்க்கெட்டிலும் விற்பார்கள். நல்ல வெளிமார்க்கெட் ஃபில்டர் தாராளமாகப் போடலாம். சில விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள்.

முதலாவது, கார் பெயரைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். ஒரே காரில் பெட்ரோல், டீசல், பி.எஸ். 4, பி.எஸ். 6 என்று மாறும்போது ஃபில்டரும் மாறலாம். வருஷம், இன்ஜின், பார்ட் நம்பர் மூன்றையும் சொல்லுங்கள். இரண்டாவது, பழையதைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம், ரப்பர் விளிம்பு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அமுக்கித்தான் மூட வேண்டும் என்றால் அது உங்கள் வண்டி ஃபில்டர் அல்ல. கத்தி எடுக்கும் மெக்கானிக்கிடம் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அது நானாக இருந்தாலும் சரி! மூன்றாவது, மடிப்புகள் ஒரே சீராக, பசை விடாமல், ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும். நான்காவது, பில் கேளுங்கள். டூப்ளிகேட் விற்பவர் பில் கொடுக்கத் தயங்குவார்.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேச முறை உண்டு. பெட்டியிலோ கம்பெனி விவரத்திலோ அந்த எண் இருந்தால் அதன் சதவீதத்தைப் பாருங்கள். "99-க்கும் 98-க்கும் ஒண்ணுதானே வித்தியாசம்" என்று நினைக்கக் கூடாது. நூறு பங்கு தூசில் ஒன்று உள்ளே போவதற்குப் பதில் இரண்டு போகிறது. இன்ஜினுக்கு அது இரட்டிப்பு.

இளைஞர்கள், நம் பிள்ளைகள், கழுவிக் கழுவிப் போடும் எண்ணெய்ப் பஞ்சு ஃபில்டர் கேட்கிறார்கள். ரேஸ் வண்டிக்கு அது சரி. பொதுவாக அதில் காற்று எளிதாகப் போகும். நுண்பொடியைப் பிடிப்பதில் நல்ல காகிதம் முந்தும். நம் குவாரி ரோட்டுக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். பெட்டியை எடுத்துவிட்டு பானெட்டுக்குள் கூம்பு ஃபில்டரைத் திறந்து வைத்தால் அது இன்ஜின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். 30 டிகிரிக் காற்றைவிட 60 டிகிரிக் காற்று ஒன்பது சதவீதம் லேசு. சத்தம் கூடும், சக்தி கூடாது. இது நம் பேராசிரியர் நடத்திய சார்லஸ் விதிதான்.

இனிப் பராமரிப்பு. காகித ஃபில்டரில் கம்ப்ரசர் காற்று அடிக்காதீர்கள், தரையில் தட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். இன்னொன்றும் உண்டு: லேசாகத் தூசு படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். படிந்த தூசே இன்னொரு வலையாகிறது. ஆகவே வாராவாரம் திறப்பது நன்மை இல்லை. சர்வீஸின்போது பார்த்தால் போதும். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் மாற்றுங்கள்; தினமும் மண்ரோடு, குவாரி ரோடு என்றால் அதில் பாதியில் மாற்றுங்கள்.

திறக்கும் முன் பெட்டியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஃபில்டரை எடுத்ததும், இன்ஜின் பக்கக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். துணி வெள்ளையாக வந்தால் நிம்மதி. மண் ஒட்டினால் எங்கோ ஒழுகுகிறது. ரப்பர் குழாயில் வெடிப்பு, கிளிப் தளர்ச்சி, விளிம்பு என்று தேடுங்கள். வண்டியை மரத்தடியில் பல நாள் நிறுத்தினால் எலி உள்ளே கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரில் நனைந்த காகிதத்தைக் காயவைத்துப் போடாதீர்கள், எறிந்துவிடுங்கள். கழுவும் வகையாக இருந்தால் நிழலில் காயவைத்து, அதற்கென்றே உள்ள எண்ணெயைக் கொஞ்சமாகத் தடவுங்கள். அதிகமானால் சில கார்களில் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து தொல்லை தரும்.

"ஃபில்டர் மாத்தினா மைலேஜ் கூடுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கார்புரேட்டர் வண்டிக்குக் கூடலாம். கம்ப்யூட்டர் வைத்த இன்றைய பெட்ரோல் காருக்கு அப்படி இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டர் அடைத்தாலும் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை, வேகம் எடுப்பதுதான் குறைந்தது என்று கண்டார்கள். காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. ஆகவே மைலேஜுக்காக அல்ல, இன்ஜினின் ஆயுளுக்காக ஃபில்டரைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நண்பன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். இந்த அரங்கில்தான் இருக்கிறான். நேற்று ராத்திரி அவன் வீட்டுக்குப் போய், இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த நேரத்துல சொல்லியிருந்தா உன்னை அடிச்சிருப்பேன். பரவாயில்லை, நாளைக்கு மேடையில சொல்லு. நாலு பேருக்கு உபயோகப்படும்" என்றான். வாசல்வரை வந்து, "என் காரையும் நீதான் பார்க்கணும். ஆனா கத்தியை வீட்டுல வச்சுட்டு வா" என்றான்.

அவன் சொன்னபடி சொல்லிவிட்டேன்.