பரீட்சையில் வராத கேள்வி
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதே கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ வகுப்புக்கு உயிரியல் நடத்தியவன் நான். செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். வாத்தியாரிடம் பத்து நிமிஷம் என்றால் நடக்கிற காரியமா? இருந்தாலும் முயற்சி பண்ணுகிறேன். மேடையில் சாதனைகளைச் சொல்வதுதான் வழக்கம். நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. செல்லின் வேதிப்பொருட்கள் பாடம். கொழுப்பு என்றால் தண்ணீரில் கரையாதது. கிளிசராலும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தது. நியூக்ளிக் அமிலம் என்றால் சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் காரம். அடினைனுக்கு ஜோடி தைமின், குவானைனுக்கு ஜோடி சைட்டோசின். எழுதிக்கோ, மனப்பாடம் பண்ணு. அவ்வளவுதான் நான் நடத்திய லட்சணம்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், கொழுப்புக்கும் டி.என்.ஏ.வுக்கும் என்ன சார் சம்பந்தம்? ரெண்டையும் ஏன் ஒரே பாடத்துல வச்சிருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. "பரீட்சைல வராத கேள்வியெல்லாம் கேக்காதே, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. வருஷம் முடிகிற வரைக்கும் அந்தப் பெண் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பதில் கிடைத்தது பல வருஷம் கழித்து, ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில். நன்றாகப் பழுத்த பப்பாளித் துண்டைப் பிசைந்தார்கள். கொஞ்சம் உப்புத் தண்ணீர், ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, துணியில் வடிகட்டினார்கள். டெஸ்ட் டியூபைச் சாய்த்துப் பிடித்து, ஐஸில் குளிரவைத்த ஸ்பிரிட்டை ஓரமாக ஊற்றினார்கள். சற்று நேரத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி மேலே எழும்பியது. பழத்தின் பெக்டினும் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் அதற்குள் இருப்பது டி.என்.ஏ.!

சோப்பு அங்கே என்ன செய்தது? செல்லைச் சுற்றியுள்ள சவ்வும், உட்கருவைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போலவே சோப்பு அவற்றையும் கரைத்துவிட்டது. உள்ளே இருந்தது வெளியே வந்தது. கொழுப்பு வேலி, டி.என்.ஏ. வேலிக்குள் இருக்கும் விதை நெல். இதுதான் அந்தப் பெண் கேட்ட சம்பந்தம்.

வேலியின் கனத்தைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள், உட்கரு உள்ள நம் உடல் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. அந்த வேலி இரட்டை அடுக்குக் கொழுப்பு என்பதை 1925இல் ஹாலந்து நாட்டின் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் ரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முன்பே, 1869இல், ஜெர்மனியின் டூபிங்கனில் மீஷர் என்ற இளைஞர், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளின் சீழிலிருந்து நியூக்ளிக் அமிலத்தை முதன்முதலாகப் பிரித்தார். வெதுவெதுப்பான ஆல்கஹாலால் கொழுப்பை நீக்கினார். பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினால் புரதத்தைச் செரிக்கவைத்தார். நம் பப்பாளிப் பரிசோதனைக்கு அவர்தான் முன்னோடி.

2020இல் கொரோனாவுக்கு வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியிலும் இதே இரண்டு பேர்தான். ஆர்.என்.ஏ. தனியாகப் போனால் வழியிலேயே சிதைந்துவிடும். அதனால் நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்பினார்கள். அந்த ஆர்.என்.ஏ.வைப் பக்குவப்படுத்திய காரிக்கோ, வைஸ்மன் இருவருக்கும் 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு அந்தக் கடைசி பெஞ்சுதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் உட்காரச் சொன்ன கேள்வி, கோடிக்கணக்கான பேருக்கு ஊசியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே, பரீட்சையில் வராது என்று யார் சொன்னாலும் கேள்வியை விடாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது எழுதி வையுங்கள். இங்கே ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களே, "எனக்குத் தெரியலை, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்வதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பாதி சர்வீஸ் ஆகிவிட்டது.

அந்தப் பெண் பிறகு இதே கல்லூரியில்தான் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். இந்த மலர் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், இதைப் பதிலாக வைத்துக்கொள்ளட்டும். தாமதத்துக்கு மன்னிக்கணும் அம்மா.