ஈடு வைத்து வீடு மாறுதல்



திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும் அகலத்தையும் அங்கு வந்துபோன கப்பற்படைகளையுமே பேசிச் செல்வர். அத்துறைமுகத்தை அண்டிச் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பம் இரவில் எங்கே படுத்துறங்குகிறது, அந்தக் கூரைக்கு மாதந்தோறும் எவ்வளவு கட்டுகிறது என்பதைப் பேசுவார் சிலரே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இந்தச் சிறிய சங்கதிதான்.

என் தமக்கையாரின் மகன் துறைமுகத்தை அடுத்த ஒரு தனியார் நிறுவனத்தில் இலிகிதராக இருக்கிறான். மனைவி ஆசிரியை. டச்சுக்குடாவுக்கு அண்மையில், அலையோசை கேட்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டு அறைகள் கொண்ட வீடு. சில ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடன் எடுத்து வாங்கியது. அக்கடனில் இன்னும் ஐந்து இலட்சம் ரூபா நிலுவை. சிக்கனத்திற் பேர்போன குடும்பம் அது. அவன் சைக்கிளில்தான் வேலைக்குப் போவான். 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் அவர்கள் விறகுக்கு மாறினார்கள். வரிசை முடிந்த பின்னும் விறகை விடவில்லை. சூடை மீன் மலிந்தால் சூடை, மலியாவிட்டால் சம்பல்.

சென்ற ஆண்டு ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "மாமா, பாலையூற்றுப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இதை விற்றுவிட்டு, புதிதாக ஈடு வைத்து அதை வாங்கலாமென்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"உள்ள வீட்டுக்கு என்ன குறை, தம்பி?" என்றேன்.

"அம்மா உறங்குவதில்லை" என்றான்.

அதற்குமேல் அவன் விளக்கவேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது என் தமக்கையார் எப்படித் தப்பினார் என்பதை நான் அறிவேன். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று எழுந்து கடல் இரையத் தொடங்கினால், அவர் திண்ணையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். இருபது ஆண்டுகளாக இப்படித்தான்.

எங்கள் ஊர் மக்களுக்கு வீடு மாறுவது புதிதன்று. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது ஓடினார்கள். 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தளத்தை நம்பியிருந்த பல குடும்பங்கள் வேலையோடு இருப்பிடத்தையும் இழந்தன. 1964 டிசம்பரிற் புயல் வந்தது. 1983, 1990 ஆகிய ஆண்டுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதன்பின் கடல். இத்தனை முறையும் எவரும் பஞ்சாங்கம் பார்த்து வீடு மாறவில்லை. தாமாக நினைத்து, நாள் பார்த்து, சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் செல்வது இவ்வூரில் ஒரு பாக்கியம் என்றே சொல்லவேண்டும். அந்தப் பாக்கியத்தை மருமகன் தன் தாயாருக்குக் கொடுக்க விரும்பினான். ஆகையால் உடனே வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கைப் பார்ப்போம் என்றேன்.

கணக்கு இதுதான். புதிய வீட்டின் விலை 60 இலட்சம். பழைய வீட்டை விற்றால் 35 இலட்சம் வரும். அதில் பழைய கடன் ஐந்து இலட்சம் போக மிச்சம் 30. கையிற் சேமிப்பு மூன்று இலட்சம். காணி கைமாறும்போது மாகாணத்துக்குச் செலுத்தவேண்டிய முத்திரைத் தீர்வை முதல் ஓரிலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். எனவே 60 இலட்சத்துக்கு 2,39,000 ரூபா. நொத்தாரிசு, நில அளவையாளர் ஆகியோரின் கட்டணமும் வண்டிக்கூலியும் மிச்சமுள்ள 61,000 ரூபாவில் அடங்கவேண்டும். அடங்காது என்பது என் எண்ணம். அவன் அடங்கும் என்றான். ஆகக் கடன் 30 இலட்சம்.

வட்டியை ஆண்டுக்கு 12 சதவீதம் எனக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுக் கடனானால் மாதத் தவணை 33,033 ரூபா. முதல் மாதத் தவணையில் 30,000 வட்டிக்கே போய்விடும். முதலிற் குறைவது 3,033 ரூபாதான். பத்தாண்டுகள் ஒரு மாதமும் தவறாமற் கட்டினால் 39 இலட்சத்து 64 ஆயிரம் ரூபா வரை கட்டியிருப்போம். அப்போதும் முதலில் 23 இலட்சம் நிலுவை நிற்கும். பாதிக் காலம் போய்விட்டது, பாதிக் கடன் போகவில்லை. இதைச் சொன்னபோது அவன் கடதாசியை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தான்.

ஆனால் அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பழைய கடனுக்கு மாதம் 14,000 கட்டுகிறார்கள். அதற்கு மேல் 20,000 மிச்சம் பிடிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் 34,000. தவணை 33,033. "சரியாகப் பொருந்துகிறது, மாமா" என்றான்.

நேயர்களே, சரியாகப் பொருந்துவதுதான் ஆபத்து என்று நான் கருதுகிறேன். ஊதாரியாக வாழும் ஒருவன் கடன்பட்டு நெருக்கடி வந்தால், குறைப்பதற்கு அவனிடம் எவ்வளவோ உண்டு; உணவுச்சாலைச் செலவைக் குறைக்கலாம், மோட்டார் வண்டியை விற்கலாம். ஏற்கெனவே சிக்கனமாக வாழ்பவன் தன் மிச்சம் முழுவதையும் தவணைக்கு எழுதிக்கொடுத்துவிட்டால், நெருக்கடி வரும் நாளில் எதைக் குறைப்பான்? சைக்கிளை விற்று நடப்பதா? சம்பலில் தேங்காயைக் குறைப்பதா?

நெருக்கடி வராது என்று நினைப்பதற்கு நம் நாட்டில் இடமில்லை. வங்கிகள் தம் முதல்தர வாடிக்கையாளருக்கு விதிக்கும் சராசரி வட்டி 2021ஆம் ஆண்டின் நடுவில் 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2022 ஏப்பிரிலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்தச் சராசரி வட்டி 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பிறகு 2023ஆம் ஆண்டில் இறங்கியது உண்மைதான். ஏறியிருந்த அந்தக் காலத்தில், மாறும் வட்டிக்குக் கடன்பட்டிருந்தோரின் நிலை என்ன? இதே 30 இலட்சத்துக்கு வட்டி 24 சதவீதமானால் தவணை 60,522 ரூபா. வட்டி மட்டுமே 60,000. முப்பத்து மூவாயிரம் கட்டும் குடும்பம் வட்டியிற் பாதியைச் சிறிது தாண்டுமே ஒழிய, முதலை எட்டியும் பார்க்கமாட்டாது. கடன் பத்திரத்தில் வட்டி நிலையானதா, மாறுவதா, நிலையானதானால் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதிய வரியை நொத்தாரிசின் மேசையில் ஒப்பமிடுமுன் படிப்போர் மிகக் குறைவு. நானும் என் காலத்திற் படிக்கவில்லை.

நம்மவரிடையே ஈடு பழைய வழக்கு. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் ஒற்றி என்னும் முறை கூறப்படுகிறது. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பான். முதலைத் திருப்பினால் காணி திரும்பும். அம்முறையில் வட்டி ஏறி இறங்கும் பேச்சே இல்லை. ஆனால் அதில் கடன்பட்டவன் காணியைப் பயன்படுத்த முடியாது. இன்றைய ஈட்டில் நாம் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு கடனைத் தீர்க்கலாம். நீண்டகாலத் தவணைக்குக் காணியின்மேற் கடன் கொடுப்பதற்கென்று 1931ஆம் ஆண்டிற் சட்டம் செய்து அரசாங்க ஈட்டு வங்கி ஏற்பட்டது. 1943இல் ஏற்பட்ட விவசாயக் கைத்தொழிற் கடன் கூட்டுத்தாபனமும் அதுவும் இணைந்தே இன்றைய அரச ஈட்டு முதலீட்டு வங்கி ஆனது. இருபதாண்டு கழித்துத் தீர்க்கும் கடன் நம் பாட்டனார் காலத்து வட்டிக்கடைக்காரரிடம் கிடைத்திராது. ஆகையால் ஈட்டை நான் பழிக்கவில்லை.

இனி உறுதிப் பேச்சு. இதை விரைவாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் மாவட்டத்தில் பலர் விழும் குழி இதுவே. காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்படாவிட்டாற் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. வங்கியோ முப்பதாண்டு உரிமைத் தொடர்ச்சியைக் காட்டச் சொல்லும். முப்பதாண்டு பின்னோக்கிப் போனால் திருகோணமலையில் என்ன இருக்கிறது? இடம்பெயர்வும், எரிந்த வீடுகளும், தொலைந்த உறுதிகளுமே. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிறர் குடியிருந்து உரிமை கொண்டாடிய காணிகளுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான போர்க்காலத்தைக் கருதி அது இயற்றப்பட்டது. மேலும், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வைத்திருக்கும் அரச காணியைச் சொந்தக் காணிபோல் விற்கவும் ஈடுவைக்கவும் இயலாது. வெள்ளைக் கடதாசியில் எழுதி வாங்கி, பின்னர் வங்கி வாசலில் நின்று அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். கரையோரமானால், கடல்நீர் மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரும். அங்கே கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியிலுள்ள மீதியை ஈடாகக் காட்டியும் வீட்டுக்கடன் பெற வழியுண்டு. மருமகன் அதையும் கேட்டான். முதுமைக்கென்று வைத்ததை நடுவயதில் எடுப்பதற்கு நான் இசையவில்லை. அவனுக்கு இப்போது வயது 39. இருபதாண்டுக் கடன் முடியும்போது 59. அதன்பின் உண்பது எதை?

அன்று மாலைவரை எங்கள் பேச்சில் முடிவு காணப்படவில்லை. முடிவு கண்டவள் மருமகனின் மனைவி. அவள் அதுவரை பேசாமல் பாடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "மாமா, அக்கம்மாவுக்கு வேண்டியது கடற்சத்தம் கேட்காத வீடு. மாபிள் தரை போட்ட வீடு இல்லையே" என்றாள். என் தமக்கையாரை அவள் அப்படித்தான் அழைப்பாள். அந்த 60 இலட்சம் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, பூச்சுப் பூசாத சுவரும் சீமெந்துத் தரையுமாக ஒரு வீடு விலைக்கு இருப்பதை அவள் விசாரித்து வைத்திருந்தாள். விலை 50 இலட்சம். உறுதி சுத்தமானது. முத்திரைத் தீர்வை 1,99,000 ரூபா. எல்லாச் செலவும் சேர்த்து 20 இலட்சம் கடன் போதும். பதினைந்தாண்டுக் கடனாக எடுத்தால், அதே 12 சதவீத வட்டிக்கு, தவணை 24,003 ரூபா. பதினைந்தாண்டிற் கட்டுவது மொத்தம் 43 இலட்சத்துச் சொச்சம். முன்னைய திட்டத்தில் இருபதாண்டிற் கட்டவேண்டியிருந்தது 79 இலட்சத்துக்கு மேல்.

"வட்டி இருபத்துநாலுக்குப் போனால்?" என்று நான் கேட்டேன். கணக்குப் பார்த்தோம். 41,165 வந்தது. மாதம் ஏழாயிரம் துண்டு விழும். தாங்கலாம், எளிதாகத் தாங்கலாம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு மாதமும் மிஞ்சும் பத்தாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஒரு வருடத் தவணை அளவுக்குச் சேரும்வரை அதைத் தொடுவதில்லை, சுவருக்குப் பூச்சும் அதுவரை இல்லை என்று அவள் தீர்த்துச் சொன்னாள். மருமகனுக்கு அந்தப் பூச்சில்லாத சுவர் கொஞ்சம் மனக்குறைதான். அலுவலக நண்பர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை சொல்லவில்லை.

தைமாதத்தில் நாள் பார்த்துக் குடிபுகுந்தார்கள். பழைய உறுதி விடுபட்டுப் புதிய உறுதி வங்கிப் பெட்டகத்துக்குப் போயிற்று. சுவர் இன்னும் கல்லாகவே நிற்கிறது. சிக்கனத்தைக் கைவிடாத குடும்பமாகையால் முற்றத்தில் உடனே கீரைப்பாத்தி போட்டார்கள். பழைய வீட்டில் நகரத்து மான்கள் ஒழுங்கைவரை வந்து பாத்தியை மேய்ந்துவிட்டுப் போகும். இங்கே அந்தத் தொல்லை இராது என்பது அவர்கள் எண்ணம். சென்ற வாரம் போயிருந்தேன். பக்கத்து வீட்டு ஆடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. என் தமக்கையாரை எழுப்பிச் சொல்லிவிட்டு வரலாமென்று பார்த்தேன். பிற்பகல் மூன்று மணி, நல்ல உறக்கம். எழுப்பாமல் வந்துவிட்டேன்.