கல்லாற்றில் ஒரு படம்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் வழியில் இருக்கிறது கல்லாறு. அங்கே காட்டுக்குள் ஓலைக்குடிசையில் வாழும் காணி இனத்து வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். நூற்றுக்கணக்கான பச்சிலை மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர்.

கேமராவைக் குடிசைமேல் மட்டும் திருப்பினால் அது ஏழ்மைக் கதை; பச்சிலை கசக்கும் விரல்களை நெருங்கி எடுத்தால் அறிவின் கதை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் முதல் படம் அவரைச் சிறுமைப்படுத்திவிடும். பத்திரிகைப் புகைப்படக்கலை படிக்கும் பிள்ளைகள் முதலில் கற்கவேண்டியது இதைத்தான். படத்தின் கீழே பெயரும் தொழிலும் வரவேண்டும். 'பழங்குடிப் பெண்' என்று மட்டும் எழுதுவது அநியாயம்.

காட்டவே கூடாத படமும் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் முகத்தை, சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தாலன்றி வெளியிடவே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்வது இது.

கையில் செல்போன் வைத்திருக்கும் நாமும், படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்போம்.