திருக்கோவிலூர் மகளும் தஞ்சாவூர் அக்காவும்

(கூட்டமைப்பு ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் இருக்கிற தலைவி, செயலாளர், பொருளாளர் அக்காமார்களே, கல்வராயன் மலையிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிற சகோதரிகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவள். குழு நோட்டில் தீர்மானம் எழுதிப் பழக்கம், மைக் பிடித்துப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

போன கோடை லீவில் எங்க குழுவில் வேன் வைத்து தஞ்சாவூர் போனோம். பெரிய கோயில் அடிச்சுவரைச் சுற்றி எழுத்தாகவே இருந்தது. காட்டிக்கொண்டு வந்தவர், "இது 1010இல் முடிந்த கோயில். ராஜராஜ சோழன் தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் மனைவிமார் கொடுத்தது எல்லாத்தையும் கல்லில் வெட்டச் சொன்னார்" என்றார். தனக்கு அடுத்து அக்கா! அந்த அக்காதான் குந்தவை.

அவர் கொடுத்த நகை எல்லாம் எடை போட்டு எழுதியிருக்கு. எனக்குப் பிடித்தது வட்டிக் கணக்கு. கோயிலுக்காக அவர் போட்ட காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொள்ளும். முதல் அப்படியே இருக்கும், வட்டி வருசா வருசம் கோயில் செலவுக்குப் போகும். ஒரு காசுக்கு வருசத்துக்கு அரைக்கால் காசு வட்டி. நம்ம கணக்கில் நூத்துக்குப் பன்னிரண்டரை. மாசத்துக்கு ஒரு ரூபாய் நாலு பைசா வருது. நம்ம குழுவின் ஒரு ரூபாய் வட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்குது. ஐந்து வட்டி, பத்து வட்டி கட்டி அழுதவங்க இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கோம், கை தூக்க வேண்டாம், எனக்கே தெரியும்.

அதே கோயிலில் குந்தவை தன் அப்பா சுந்தர சோழருக்கும் அம்மாவுக்கும் சிலை வைத்தார். அந்த அம்மா வானவன் மாதேவி. அவங்க எந்த ஊர் தெரியுமா? நம்ம திருக்கோவிலூர்! மலையமான் வீட்டுப் பெண். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானப்போ திருக்கோவிலூரும் நம்மோடு வந்ததால் நம்ம மாவட்டத்துக்காரி என்றே சொல்லலாம். ராஜராஜனைப் பெற்றவங்க.

ஊருக்கு வந்ததும் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனேன். அங்கே கல்வெட்டில் அவங்க கதை இருக்கு. புருசன் செத்ததும், பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு, கூடவே தீயில் இறங்கிவிட்டார் என்று பெருமையாகத்தான் எழுதியிருக்கு. எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகமாகவே இருந்தது. அதுக்கு அன்னிக்கு ராத்திரி யார் பால் கொடுத்தாங்களோ.

அதே வீட்டில் இன்னொரு அம்மாவும் இருந்தார். சுந்தர சோழரின் பெரியப்பா கண்டராதித்தர், அவர் மனைவி செம்பியன் மாதேவி. கணவர் போன பிறகு நாற்பது வருசத்துக்கு மேல் வாழ்ந்தார். செங்கல் கோயில்களைக் கல் கோயில்களாக மாற்றிக் கட்டினார். கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பேரிலேயே கட்டினார். ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே விதவை முன்னால் நின்று செய்த வேலை.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க குழு ஊக்குநர் அக்கா வீட்டுக்காரர் இல்லாதவங்க. ஒன்பது வருசமா வங்கிக்கு அலைந்து எங்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவங்க. போன வருசம் கடன் வழங்கும் விழாவில் குத்துவிளக்கு ஏற்றப் போனாங்க. பின்னாலிருந்து ஒருத்தர், "யாராச்சும் சுமங்கலி ஏத்தட்டுமே" என்றார். அக்கா ஒன்றும் பேசலை. தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்னாங்க. அதை எடுத்து விளக்கு ஏற்றினது வேற யாருமில்லை, நான்தான்.

அடுத்த மாசம் எங்க குழுவுக்கு ஆண்டு விழா. விளக்கை அக்காதான் ஏற்றணும் என்று போன வாரம் தீர்மானம் எழுதினேன். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. அக்கா மட்டும் இன்னும் போடலை. நோட்டு என் பையில்தான் இருக்கு, கூட்டம் முடிஞ்சதும் கொண்டு வரேன் அக்கா.