குறைந்தபட்ச இருப்பு: வறுமைக்கு விதிக்கப்படும் அபராதம்

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய தனியார் வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன் பின்னரே வங்கிக் கிளைகள் கிராமங்களுக்குப் பெருமளவில் வந்தன. இன்றோ, கணக்கில் பணம் குறைந்துவிட்டதென்று உழைப்பாளியிடமே அபராதம் பறிக்கப்படுகிறது. 2019-20 முதல் ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இவ்வாறு வசூலித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே அளித்த கணக்கு இது. பாரத ஸ்டேட் வங்கி 2020இல் இந்த அபராதத்தைக் கைவிட்டது. அதனால் அது நலிந்துவிடவில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி, அடிப்படை சேமிப்புக் கணக்கிற்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. இருக்கும் கணக்கையும் எழுதிக் கொடுத்து அவ்வாறு மாற்றிக்கொள்ளலாம். இவ்வுரிமையை ஒவ்வோர் உழைப்பாளியிடமும் கொண்டுசெல்வோம். அபராதத்தை முற்றாக ஒழிக்கப் போராடுவோம்!