மண்ணில் எஞ்சிய சடங்குகள்



இளையோரை முதிர்ந்தோர் வரிசையில் சேர்க்கும் பருவச் சடங்கு, ஆப்பிரிக்காவின் தென்பகுதிச் சமூகங்கள் பலவற்றில் ஒரு பள்ளியாகவே விளங்கி வந்துள்ளது. வெண்டா மக்களின் ‘டோம்பா’ சடங்கில் இளம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக, முன்நிற்பவரின் கையைப் பற்றி, மலைப்பாம்பென அசைந்தாடுவர். உருவங்களைக் காட்டியும் பாடியும் மணவாழ்வையும் மகப்பேற்றையும் ஒழுக்கத்தையும் மூத்த பெண்டிர் கற்பிப்பர். கற்றவற்றைப் பிறர்க்கு வெளியிடலாகாது என்பது அங்குள்ள மரபு.

மறைவிற் கற்பிக்கப்பட்டது மண்ணில் எத்தகைய தடயத்தை விட்டுச்செல்லும்? தென்னாப்பிரிக்காவின் லைடன்பர்க் நகரருகே 1957இல் ஒரு சிறுவன் சுடுமண் துண்டுகளைக் கண்டெடுத்தான். பின்னர்த் திரட்டி ஒட்டியபோது அவை ஏழு தலைகளாயின. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.பி. 500. இரண்டு, ஒருவர் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியவை. ஒன்று விலங்கு முகம் உடையது. பயன்பாட்டுக்குப்பின் அவை குழியிலிட்டுப் புதைக்கப்பட்டன என்பர் ஆய்வாளர். பருவச் சடங்கில் அணியப்பட்டிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

லிம்போப்போ ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்க்ரோடாவில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனித, விலங்கு உருவங்களின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. இவற்றை விளையாட்டுப் பொம்மைகள் எனக் கொள்ளாமல் கற்பித்தற் கருவிகள் என ஆய்வாளர் கருதுவதற்கு, வெண்டா மக்களின் வழக்கமே துணைநின்றது.

இங்கேதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். வாழும் மரபு பழம்பொருளுக்கு விளக்கந்தரும். எனினும் அது சான்றாகிவிடாது. ஆயிரம் ஆண்டுகளில் சடங்கும் மாறும். அதன் பொருளும் மாறும். இன்றைய வெண்டாப் பெண்களைப் பழங்காலத்தின் எச்சங்களாகக் காண்பது அவர்களின் வரலாற்றையே மறுப்பதாகும். எனவே, பொருள் கிடந்த இடம், உடைந்த முறை, புதைத்த விதம் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, பிறகே ஒப்புமையை நாடுதல் முறை.

மாணவர்களே, அருங்காட்சியகத்தில் ஒரு சுடுமண் தலையைக் காணும்போது, ‘இஃது எதைக் குறிக்கிறது?’ என்பதோடு நில்லாதீர்கள். ‘இதனைக் காட்டி யார் யாருக்குக் கற்பித்தனர்? அந்தப் பாடத்தை வெளியிடும் உரிமை யாருக்கு உண்டு?’ என்றும் வினவுங்கள். மண் பொருளைக் காத்துத் தந்துள்ளது. அதனோடு பாடப்பட்ட பாட்டைத் தரவில்லை. அவ்வெல்லையை உணர்ந்து பேசுவதே நேர்மையான ஆய்வு.